கழுவிப் போகும் வெள்ளை

1941 டிசம்பரில் மாஸ்கோவின் வாசல்வரை வந்து நின்ற ஜெர்மன் டாங்கிகள் பெரும்பாலும் கருஞ்சாம்பல் நிறத்தில் இருந்தன. பிரான்சின் சாலைகளிலும் ஊர்த்தெருக்களிலும் கண்ணில் படாமல் போன அந்த நிறம், பனி மூடிய ரஷ்யச் சமவெளியில் வெகுதூரத்திலிருந்தே வண்டியைக் காட்டிக்கொடுத்தது. குளிர்காலத்துக்குள் போர் முடிந்துவிடும் என்ற கணக்கில் ஜூன் 22 அன்று புறப்பட்ட படை அது. கம்பளி உடுப்புக்கே தட்டுப்பாடு என்னும்போது வெள்ளைப் பெயிண்ட் எங்கிருந்து வரும்? கிடைத்ததையெல்லாம் பூசினார்கள். சுண்ணாம்பு, சீமைச் சுண்ணாம்பு, அதுவும் இல்லாதபோது வீடுகளிலிருந்து எடுத்த படுக்கை விரிப்புகள். விளக்குமாறும் கந்தல் துணியுமே பிரஷ். எதிர்ப்பக்கத்தில் சோவியத் படைக்கு இது பழகிய வேலை. பச்சை டாங்கியின்மேல் சீமைச் சுண்ணாம்பைப் பசையோடு தண்ணீரில் கரைத்து அடிப்பார்கள். முழுக்க மெழுகுவதும் உண்டு. பச்சை தெரியும்படி வெள்ளைக் கோடுகளை வலைபோல் குறுக்கும் நெடுக்குமாக இழுத்துவிடுவதும் உண்டு.

இந்தப் பூச்சுக்கு ஒரே ஒரு நிபந்தனை: வசந்தம் வந்ததும் போய்விட வேண்டும். பனி உருகிய வயலில் வெள்ளை டாங்கி நின்றால், பனியில் கருஞ்சாம்பல் டாங்கி நின்ற அதே ஆபத்து. ஆகவே கழுவினால் போகும் பொருளாகவே அதைத் தேர்ந்தார்கள். மழையும் பூட்ஸும் எஞ்சின் சூடும் அதைக் கழுவும் வேலையை முதல் நாளிலிருந்தே தொடங்கிவிடும்.

அந்த அரைகுறை வெள்ளையை விரல் நீள டாங்கியின்மேல் திரும்பக் கொண்டுவருவது, மேசைப் போர் விளையாட்டு ஆடுபவர்களுக்குப் பெரிய சவால். இந்த விளையாட்டின் வேர் பழையது. 1824இல் பிரஷ்ய இராணுவ அதிகாரி ரைஸ்விட்ஸ், அதிகாரிகளுக்குப் பயிற்சி தருவதற்காக வரைபடமும் பகடையும் சிறு கட்டைகளும் கொண்ட ஒரு போர் விளையாட்டை உருவாக்கினார். 1913இல் எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸ் பொம்மைச் சிப்பாய்களை வைத்து ஆடும் விதிகளைப் புத்தகமாகவே போட்டார். இன்று ஆடுபவர்கள் வரலாற்றில் நடந்த ஒரு மோதலை எடுத்துக்கொண்டு, மலை, காடு, ஆறு எல்லாம் மேசைமேல் அமைத்து, அளவு குறைத்த வண்டிகளை நகர்த்துகிறார்கள். சோவியத் டி-34 டாங்கியின் உடல் கிட்டத்தட்ட 5.9 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம். நூறில் ஒரு பங்கு அளவில் அது 59 மில்லிமீட்டர். ஐம்பத்தாறில் ஒரு பங்கு அளவில் 105 மில்லிமீட்டரைத் தொடும். பிளாஸ்டிக்கிலோ ரெசினிலோ வார்த்த அந்த உருவத்துக்கு நிறம் பூசுவது பாதி வேலை. வெயிலும் மழையும் சேறும் புகையும் பட்டு உழைத்த தோற்றத்தைக் கொடுப்பது மீதி. அதை வெதரிங் என்பார்கள்.

வெள்ளை என்றால் வெள்ளைதானே, குப்பியைத் திறந்து பூசினால் ஆயிற்று என்று தோன்றும். பூசிப் பார்த்தால் பொம்மைதான் மிஞ்சும். ஏன் என்று கேட்டால், வெள்ளை எப்படி உண்டாகிறது என்பதிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது.

பனிக்கட்டிக்கு நிறம் கிடையாது. கண்ணாடிபோல் ஒளியை விடுவது அது. ஆனால் விழுந்த பனி என்பது கோடிக்கணக்கான நுண்படிகங்களும் அவற்றின் இடையே சிக்கிய காற்றும். ஒளி ஒரு பொருளிலிருந்து இன்னொன்றுக்குள் நுழையும் ஒவ்வொரு முறையும் அதில் ஒரு பகுதி திரும்பும், மீதி திசை மாறும். எவ்வளவு திரும்பும் என்பதை அந்த இரு பொருள்களின் ஒளிவிலகல் எண்களுக்கு இடையிலுள்ள வித்தியாசம் தீர்மானிக்கிறது. காற்றுக்கு 1, பனிக்கட்டிக்கு 1.31. வித்தியாசம் பெரிதில்லை, எல்லைகளோ எண்ணிலடங்காதவை. உள்ளே போன ஒளி படிகத்துக்குப் படிகம் மோதி, எந்த நிறத்தையும் அதிகம் இழக்காமல் வெளியே வந்துவிடுகிறது. புதுப் பனி தன்மேல் விழும் ஒளியில் 80 முதல் 90 சதவீதம்வரை திருப்பி அனுப்புகிறது. அந்த வெண்மை காற்று போட்ட பிச்சை. பனியை அழுத்திக் காற்றை வெளியேற்றினால் அது சாம்பல் பூத்த கண்ணாடியாகிவிடும்.

சுண்ணாம்புக்கும் இதே கதைதான். பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளையடித்தவர்கள் பார்த்திருப்பார்கள்: மட்டையைத் தோய்த்து இழுத்ததும் சுவர் கலங்கலாக, பழைய கறையெல்லாம் தெரிய, ‘இன்னொரு கோட் வேண்டுமோ’ என்று மனசைச் சங்கடப்படுத்தும். மதியத்துக்குள் காய்ந்து பளிச்சென்று வெளுத்துவிடும். சுண்ணாம்புத் துகளின் ஒளிவிலகல் எண் ஏறக்குறைய 1.6. துகள்களின் இடையே தண்ணீர் (1.33) இருக்கும்வரை வித்தியாசம் குறைவு, ஒளி ஊடுருவி அடியிலுள்ள நிறம் தெரிகிறது. தண்ணீர் போய் அந்த இடத்தில் காற்று வந்ததும் வித்தியாசம் இரட்டிப்பாகிறது, வெண்மை பிறக்கிறது. மறுபடி நனைந்தால் மறுபடி மங்கும்.

ஆக, 1942 ஜனவரியின் உலர்ந்த காலையில் வெள்ளையாக நின்ற டி-34, அதே பூச்சோடு ஈரமான மதியத்தில் அழுக்குப் பச்சையாகத் தெரிந்திருக்கும். இன்று கடையில் வாங்கும் வெள்ளை அக்ரிலிக் அப்படி நடந்துகொள்வதில்லை. அதில் இருப்பது டைட்டானியம் டை ஆக்சைடு. அதன் ஒளிவிலகல் எண் 2.6க்கும் மேல். 1.5 அளவுள்ள பிளாஸ்டிக் பசைக்குள் புதைந்து கிடந்தாலும், நனைந்தாலும் காய்ந்தாலும், அது வெளுத்தே இருக்கும். அடியிலுள்ளதை முழுக்க மறைக்கும். சுண்ணாம்புப் பூச்சோ அடி நிறத்தோடு கலந்தே கண்ணுக்கு வரும். பொம்மைத்தனம் இங்கிருந்துதான் கிளம்புகிறது. டைட்டானியம் வெள்ளைக்கு இன்னொரு குணமும் உண்டு. புறஊதாக் கதிரை அது விழுங்கிவிடும். பனியோ அதையும் பெருமளவு திருப்பி அனுப்பும். புறஊதாவைப் பார்க்கும் கேமராவில் பனி பளிச்சிட, அதன்மேல் சாதாரண வெள்ளைப் பெயிண்ட் அடித்த வண்டி கறுத்துத் தெரியும். இக்காலப் படைகளின் பனிக்கால மறைப்பு வலைகளைப் புறஊதாவையும் திருப்பும்படி செய்வதற்குக் காரணம் இதுவே.

இனி, பூச்சு எங்கே போகும், எங்கே நிற்கும் என்பது. கற்சுவர்மேல் அடித்த சுண்ணாம்பு நுண்துளைகளுக்குள் இறங்கி, காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை எடுத்துக்கொண்டு கால்சியம் கார்பனேட்டாக இறுகி, சுவரோடு ஒன்றிப்போகும். டாங்கியின் எஃகுக்கும் அதன்மேல் ஏற்கெனவே இருக்கும் பெயிண்டுக்கும் அப்படிப்பட்ட துளைகள் இல்லை. பிடித்துக்கொள்ள இடமில்லாத சுண்ணாம்பு மேலோட்டமாக உட்கார்ந்திருக்கும். போதாக்குறைக்கு, உறைநிலைக்குக் கீழே தண்ணீரில் கரைத்து அடித்தால் காய்வதற்குள்ளேயே உறையும். திட்டுத்திட்டாக, பட்டை பட்டையாக, விளக்குமாற்றின் கோடுகள் தெரிய நிற்பதே அதன் இயல்பு.

டி-34 ஒன்றைக் கண்முன் நிறுத்திக்கொள்வோம். முன்பக்கச் சாய்தகட்டில் இடப்புறம் ஓட்டுநரின் மூடி. அவர் உள்ளே போவதும் வருவதும் அதன் வழியாக. ஆகவே அதன் விளிம்பிலும் கீழே கால் வைக்கும் இடத்திலும் வெள்ளை முதலில் தேயும். காலாட்படை வீரர்கள் டாங்கியின் பின்மேடையில் உட்கார்ந்தும் பீரங்கிக் கோபுரத்தில் சாய்ந்தும் கைப்பிடிக் கம்பிகளைப் பற்றிக்கொண்டும் போர்முனைக்குப் போவது சோவியத் வழக்கம். அந்தக் கம்பிகளில் வெள்ளையே மிஞ்சாது. கோபுரத்தின் பின்பாதியில், உட்கார்ந்தவர் முதுகு உரசும் உயரத்தில், பச்சை தெரியும். பின்மேடைக்கு அடியில் 500 குதிரைத்திறன் கொண்ட டீசல் எஞ்சின். அதன் சூட்டில் மேலே விழுந்த பனி உருகி, சரிவில் வழிந்து, போகிற வழியில் சுண்ணாம்பையும் கரைத்துக்கொண்டு பின்தகட்டில் கோடுகோடாக இறங்கும். அங்கே இரண்டு புகைக்குழாய்கள். அவற்றைச் சுற்றி வெள்ளை மஞ்சளாகி, பழுப்பாகி, கறுப்பாகும். இதற்கு நேர்மாறாக, யார் கையும் காலும் சூடும் எட்டாத இடங்களும் உண்டு. கோபுரத்தின் முன்கன்னங்கள், பக்கத் தகட்டின் நடுப்பகுதி: அங்கே பூச்சு ஏறக்குறைய முழுசாக இருக்கும்.

இந்தத் தேய்மான வரைபடத்தை மனத்தில் வாங்காமல் எல்லா விளிம்பிலும் ஒரே சீராகச் சுரண்டிவிடுவது மாடல் செய்பவர்களிடம் பரவலாக இருக்கும் பழக்கம். எனக்கு அது ஒருபோதும் நிறைவு தந்ததில்லை. ஒரு வண்டியில் யார் ஏறினார்கள், எங்கே பிடித்தார்கள், எது சூடானது என்பதையெல்லாம் அதன் வெள்ளை சொல்ல வேண்டும்.

சுரண்டுவதற்குக் கையாளும் உத்தி எளிமையானது; அதன் வேதியியல் அழகானது. முதலில் வண்டிக்கு அதன் சொந்த நிறம், அதாவது பச்சையோ கருஞ்சாம்பலோ, பூசி நன்றாகக் காயவிட வேண்டும். அதன்மேல் தலைமுடிக்கு அடிக்கும் ஹேர்ஸ்ப்ரேயை மெல்லிய இரண்டு பூச்சாக. அது காய்ந்ததும் தண்ணீரில் கரைத்த வெள்ளை அக்ரிலிக்கை ஏர்பிரஷ்ஷால் ஒன்றுபோல் இல்லாமல், மேகம்போல் திட்டுத்திட்டாக. ஹேர்ஸ்ப்ரேயில் இருப்பது தலை குளித்தால் போய்விட வேண்டிய பாலிமர். தண்ணீர் பட்டால் இளகும் குணம் அதற்கு. அக்ரிலிக் படலம் காய்ந்த முதல் சில மணி நேரம் முழுக்க இறுகியிருக்காது. அதன் நுண்ணிடைவெளிகள் வழியே தண்ணீர் உள்ளே இறங்கும். இப்போது ஓட்டுநர் மூடியின் ஓரத்தில் வெதுவெதுப்பான தண்ணீரைப் பிரஷ்ஷால் தொட்டு வைத்து அரை நிமிடம் காத்திருக்க வேண்டும். மேலே எதுவும் மாறியதாகத் தெரியாது. அடியிலுள்ள படலம் மட்டும் ஊறிக்கொண்டிருக்கும். பிறகு முடி குட்டையாக வெட்டிய பழைய பிரஷ்ஷால் மெல்லத் தட்டினால் வெள்ளை ஒரு முனையில் சுருங்கி, ஒழுங்கற்ற விளிம்போடு பெயர்ந்து வரும். அந்த ஒழுங்கின்மையைக் கையால் வரைய முடியாது. கை வரைந்தால் ஏதோ ஓர் ஒழுங்கு புகுந்துவிடும். இங்கே படலம் தானே தன் பலவீனமான இடத்தில் கிழிகிறது, நிஜப் பூச்சு உரிந்ததைப் போலவே.

தட்டிய பிரஷ்ஷைத் துடைத்துவிட்டு, ஈரமாக மேலிருந்து கீழே ஒரே இழுப்பாக இழுத்தால் உருகிய பனி வழிந்த கோடு கிடைக்கும். இதற்குமேல் நீர்த்த வெள்ளையை அங்கங்கே இன்னொரு முறை பூசினால், தேய்ந்துபோன வண்டிக்குப் படையினர் மறுபடி சுண்ணாம்பு அடித்த தோற்றம் வரும். சுண்ணாம்புக்குரிய ஒளி ஊடுருவும் தன்மையும் இந்த நீர்த்த அடுக்குகளால்தான் திரும்பக் கிடைக்கிறது. கெட்டியான ஒரே பூச்சு அதைத் தராது.

சென்னை போன்ற கடலோர ஊரில் இதைச் செய்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஐப்பசி, கார்த்திகையில் ஸ்ப்ரே கேனை எடுக்காதீர்கள். கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது பரப்பின் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. காற்றில் ஈரப்பதம் மிகுந்திருந்தால் குளிர்ந்த பரப்பில் நீர் வந்து படிந்து, படலத்துக்குள் சிக்கி, வார்னிஷ் பாலாடைபோல் வெளிறிவிடும். வெள்ளை வண்டியில் அது தெரியாது என்று நினைக்கலாம். சுரண்டித் தெரியவைத்த பச்சையின்மேல் நன்றாகவே தெரியும்.

எவ்வளவு பெரிதாகச் சுரண்டுவது? மனிதக் கண்ணால் பிரித்தறிய முடிந்த மிகச் சிறு கோணம் ஏறக்குறைய ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு. ஒரு மீட்டர் தூரத்தில் அது 0.3 மில்லிமீட்டர். மேசையின் எதிர்ப்பக்கத்தில் நிற்பவருக்கு அதைவிடச் சிறிய கீறல் தெரியாது, பொதுவான மங்கலாகவே சேரும். நூறில் ஒரு பங்கு வண்டியில் ஒரு மில்லிமீட்டர் உரிவு என்பது நிஜத்தில் பத்து சென்டிமீட்டர்த் திட்டு. சுண்ணாம்புக்கு அது சரியான அளவே. கையில் எடுத்துப் பார்க்கும் கண்காட்சி மாடலுக்கும் ஆட்டத்தில் ஓடும் வண்டிக்கும் வேண்டிய அழுத்தம் வேறுவேறு. ஆட்ட வண்டியில் எதையும் கொஞ்சம் மிகைப்படுத்தினால்தான் உள்ளபடி தெரியும்.

மாடல் உலகில் புழங்கும் ஒரு நம்பிக்கையை இங்கே கேள்வி கேட்டாக வேண்டும். சிறிய உருவத்துக்கு நிறத்தை வெளிறச் செய்ய வேண்டும், ஏனென்றால் அது தூரத்திலுள்ள வண்டிக்குச் சமம், இடையிலுள்ள காற்று நிறத்தை மங்க வைக்கும் என்பார்கள். நூறில் ஒரு பங்கு உருவத்தை ஒரு மீட்டரிலிருந்து பார்ப்பது நிஜத்தை நூறு மீட்டரிலிருந்து பார்ப்பதற்குச் சமம். தெளிவான நாளில் நூறு மீட்டர் காற்று நிறத்துக்கு ஒன்றும் செய்துவிடாது. ஆனாலும் வெளிறிய நிறமே கண்ணுக்கு உண்மையாகப் படுகிறது. காரணம் வேறு: வெளிச்சம். மேகமூட்டமான பகலிலும் வெளியே சுமார் 10,000 லக்ஸ் இருக்கும். வீட்டு விளக்கடியில் சில நூறு. ஒளி குறையும்போது நிறங்களின் செறிவும் குறைந்து தெரியும் என்பதை ஆங்கிலேய ஆய்வாளர் ஆர்.டபிள்யூ.ஜி. ஹண்ட் காட்டினார், ஹண்ட் விளைவு என்று அவர் பெயரிலேயே அது வழங்குகிறது. விளக்கடியில் கரும்பச்சை கறுப்பாகிவிடும். அதைப் பச்சையாகக் காட்டவே வெளிறச் செய்கிறோம்.

பனிக் காட்சியில் ஒளி இன்னொரு விதத்திலும் வழக்கத்தை மாற்றுகிறது. பொதுவாக வண்டியின் மேல்பாகத்தை வெளிச்சமாகவும் அடிப்பாகத்தை இருட்டாகவும் பூசுவார்கள், வெயில் மேலிருந்து வருகிறது என்பதால். பனிமேல் நிற்கும் வண்டிக்குக் கீழிருந்தும் ஒளி வருகிறது. தரையே பெரிய பிரதிபலிப்பான். சக்கரங்களுக்கு இடையிலும் பக்கப் பலகைகளுக்கு அடியிலும் நிழல் மெலிந்திருக்கும். பாலைவனத்து டாங்கிக்குப் போட்ட கரிய அடிநிழலை அப்படியே இங்கேயும் போட்டால் வண்டி வேறு நிலத்திலிருந்து வெட்டி ஒட்டியதுபோல் நிற்கும். தெளிந்த வானம் என்றால் பனியின் நிழல் நீலம் பூக்கும்; அங்கே சூரியன் மறைந்து நீல வானத்தின் ஒளி மட்டும் விழுவதால். 1868-69இல் மோனே வரைந்த ‘மேக்பை’ ஓவியத்தில் வேலியின் நிழல் நீலமாக நீண்டு கிடக்கும். மேகமூட்டத்தில் இந்த நீலம் கிடையாது.

வெள்ளையின் அளவும் இங்கேயே முடிவாகிறது. பாரிசில் கோபெலின் நெசவாலையின் சாயப் பிரிவைக் கவனித்த வேதியியலாளர் செவ்ரல், சாயம் மங்கியதாக வந்த புகார்களை ஆராய்ந்து, குறை சாயத்தில் இல்லை, பக்கத்திலுள்ள நிறத்தால்தான் அப்படித் தெரிகிறது என்று கண்டார். 1839இல் அதை நூலாக வெளியிட்டார். பனியின் பக்கத்தில் எந்தச் சுண்ணாம்பு வண்டியும் மஞ்சளித்துச் சாம்பலாகத் தெரியும். ஆகவே காட்சியில் மிக வெண்மையானது தரைப் பனியாக இருக்க வேண்டும். வண்டிக்குப் பூசும் வெள்ளையில் சிறிது மணல் நிறமோ சாம்பலோ கலந்து இறக்க வேண்டும். வண்டியிலேயே தூய வெள்ளையைச் செலவழித்துவிட்டால் பனிக்குக் கொடுக்க ஒன்றும் மிஞ்சாது.

துரு பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இரும்பு துருப்பிடிக்கத் திரவ நீர் வேண்டும். உறைநிலைக்குக் கீழே அது அரிதாகிவிடுகிறது. போர்முனையில் பல டாங்கிகளுக்கு ஆயுள் சில மாதங்கள், சில வாரங்கள்கூட. கனத்த கவசத் தகடு அதற்குள் செம்பழுப்பாக உதிர வாய்ப்பே இல்லை. துரு வரும் இடங்கள் இரண்டு: பெயிண்ட் எரிந்துபோன புகைக்குழாய், வெற்று எஃகாக உரசும் சங்கிலித் தடம். தடத்தின் தரை தொடும் பகுதி ஓடும்போது வெள்ளிபோல் மின்னும். நிறுத்தி ஓரிரவு நனைந்தால் மெல்லிய ஆரஞ்சுப் படலம் பூக்கும். எண்ணெய்க் கறையில் மட்டும் ஒரு நுணுக்கம் உண்டு. டி-34 டீசலில் ஓடியது. சிந்தினால் எளிதில் ஆவியாகாமல் சுண்ணாம்பில் ஊறி, நிரப்பும் மூடியைச் சுற்றிக் கரும்பழுப்பாக நிற்கும். ஜெர்மன் டாங்கிகள் பெட்ரோல். அது விரைவில் ஆவியாகி மெலிந்த கறையையே விடும்.

எந்தக் குளிர்காலம் என்பதைத் தீர்மானிக்காமல் வண்ணத்தைத் தொடக் கூடாது. 1940 ஜனவரியில் பின்லாந்தின் ராட்டே சாலையில் சோவியத்தின் 44ஆவது டிவிஷன் சிதறிய நாட்களில் கடுங்குளிர். அந்தக் குளிரில் பனி உலர்ந்த பொடி, ஒட்டாது, உருண்டையாகாது. வண்டியின் தட்டையான இடங்களில் படிந்திருக்கும், ஓடத் தொடங்கினால் தூசியாகப் பறக்கும். பூஜ்யத்தை நெருங்கும் வெப்பநிலையில் படிகங்களின்மேல் ஒரு நீர்ப்படலம் உண்டாகி அவற்றைப் பிணைக்கும். அப்போதுதான் பனி சக்கரங்களுக்கு இடையே அடைத்துக்கொள்ளும். இரவில் அது உறைந்தால் பாறை. ஜெர்மனியின் டைகர், பாந்தர் டாங்கிகளில் சக்கரங்கள் ஒன்றன்மேல் ஒன்று கவிந்திருக்கும்; அந்த இடைவெளிகளில் சேறும் பனியும் உறைந்து வண்டியை நகரவிடாமல் செய்தன. 1944 டிசம்பர் 16 அன்று ஆர்டென்ஸில் தொடங்கிய போர் நடந்தது ஈரமான குளிர்காலத்தில். முதலில் மூடுபனியும் சேறும். கனத்த பனி பிறகு. தொடக்க நாட்களின் அமெரிக்க ஷெர்மன் டாங்கிகள் வெறும் பச்சையாகவே இருந்தன. வெள்ளை ஏறியது பெரும்பாலும் ஜனவரியில். பாஸ்டோன் அருகே ஹெம்ரூல் என்ற சிற்றூரில் அமெரிக்கப் படைக்கு மறைப்புக்காக ஊர்மக்கள் தங்கள் படுக்கை விரிப்புகளைக் கொடுத்தார்கள். அவற்றைக் கேட்டு வாங்கிய அதிகாரி ஜான் ஹான்லன், 1948இல் புது விரிப்புகளோடு அந்த ஊருக்குத் திரும்பிப் போய் ஈடு செய்தார்.

நம் நாட்டின் காஷ்மீர்ப் போரும் இந்த மேசைக்கு உரியது. 1948 நவம்பர் 1 அன்று, சுமார் 3,500 மீட்டர் உயரத்திலுள்ள ஜோஜி லா கணவாயில் 7ஆவது லைட் கேவல்ரியின் ஸ்டூவர்ட் டாங்கிகள் ஏறின. அந்த உயரத்துக்கு டாங்கி வரும் என்று எதிரணி எதிர்பார்க்கவில்லை. கோபுரங்களைக் கழற்றி, மூடி மறைத்து, பால்தால்வரை அவற்றை இரகசியமாகக் கொண்டுவந்திருந்தார்கள். கணவாய்க்கு ஏறும் கோவேறு கழுதைப் பாதையை டாங்கி போகும் அளவுக்கு வெட்டி அகலமாக்கியவர்கள் மெட்ராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவினர். ரஷ்யச் சமவெளியின் சீரான வெண்மை இங்கே பொருந்தாது. கரும்பாறை, உடைகல், இடுக்குகளில் பனி என்று முற்றிலும் வேறு தரை வேண்டும். இதை மேசையில் பார்க்க எனக்குப் பெரும் ஆசை.

தரைப் பனிக்கு வருவோம். சமையலறை உப்பைத் தூவுவோர் இன்னும் இருக்கிறார்கள். உப்புப் பரல் ஒன்று 0.3 மில்லிமீட்டர் என்றால், எழுபத்திரண்டில் ஒரு பங்கு அளவில் அது இரண்டு சென்டிமீட்டருக்கும் மேற்பட்ட ஆலங்கட்டி. பனித்துகள் ஒரு மில்லிமீட்டர் என்று கொண்டால், நமக்கு வேண்டிய பொடி 0.014 மில்லிமீட்டர். போதாததற்கு உப்பு ஈரத்தை இழுக்கும். ஆப்பச் சோடா மாவுபோல் மென்மையாக இருக்கும். ஆனால் அதன் காரத்தன்மையால் ஃபெவிக்காலோடு சேர்ந்து நாளடைவில் மஞ்சளாகிவிடுகிறது. கண்ணாடித் தூள் நல்ல தேர்வு என்று தோன்றும், நிறமற்ற துகளும் இடையே காற்றும் என்ற அதே அமைப்பு என்பதால். ஃபெவிக்காலில் குழைத்ததும் அது ஏமாற்றும். காய்ந்த பசையின் ஒளிவிலகல் எண்ணும் கண்ணாடியினுடையதும் ஏறக்குறைய 1.5, இரண்டுக்கும் இடையே எல்லை இருப்பதே ஒளிக்குத் தெரியாது, வெண்மை மறைந்து பாகாகிவிடும். உருகும் சாலைப் பனி வேண்டும் என்றால் இதையே வேண்டுமென்று செய்யலாம், அருமையாக வரும். வெண்மை நிலைக்க வேண்டுமென்றால் உள்ளே காற்று அடைத்த நுண்ணிய கண்ணாடிக் குமிழ்த்தூள் வேண்டும். பசை சுற்றி வளைத்தாலும் குமிழுக்குள் இருக்கும் காற்றை அதனால் தொட முடியாது. இந்தத் தூளைக் கையாளும்போது முகக்கவசம் கட்டாயம்; நுரையீரலுக்குள் போகும் அளவுக்கு மெல்லியது அது.

பனியில் தடத்தையும் பதிக்க வேண்டும், ஆழம் பார்த்து. டி-34இன் சங்கிலித் தடம் அரை மீட்டர் அல்லது அதற்கும் மேல் அகலம். அதே காலத்து ஜெர்மன் பான்சர்-3இன் தடம் நாற்பது சென்டிமீட்டருக்குள். அகலம் கூடினால் எடை பரவும், வண்டி குறைவாகவே புதையும். ரஷ்யப் பனியில் ஜெர்மானியர்கள் பிறகு அகலமான குளிர்காலச் சங்கிலிகளைச் செய்து பொருத்த வேண்டிவந்தது. ஒரே மேசையில் இரண்டு வண்டிகளும் இருந்தால் பான்சரின் தடம் குறுகலாகவும் ஆழமாகவும் இருக்கட்டும்.

கடைசி வேலை, விரல்களிலிருந்து வண்டியைக் காப்பது. கண்காட்சி மாடலுக்கு இந்தக் கவலை இல்லை; ஆட்ட வண்டியைப் பத்துப் பேர் தொடுவார்கள். வார்னிஷ் அடித்தே ஆக வேண்டும். அடித்ததும், புழுதியையும் புகையையும் காட்டப் பிரஷ்ஷால் தூவியிருந்த நிறமிப் பொடியும் சுண்ணாம்புத் தூளும் பாதிக்குமேல் காணாமல் போகும். காரணம் இப்போது தெரிந்ததே: துகள்களின் இடையிலிருந்த காற்றை வார்னிஷ் வெளியேற்றிவிட்டது. ஆகவே பொடி வேலையை வேண்டிய அளவைவிட இரண்டு மடங்கு அழுத்திச் செய்துவிட்டு, மேட் வார்னிஷைத் தூரத்திலிருந்து மெல்லிய மூட்டமாகப் பலமுறை அடிக்க வேண்டும். ஒரே கனத்த பூச்சு துகள்களை மூழ்கடிக்கும். மெல்லிய மூட்டம் காற்றில் கொஞ்சத்தையாவது விட்டுவைக்கும். மேட் வார்னிஷில் கலந்திருக்கும் சிலிக்காத் துகள் பரப்பைச் சொரசொரப்பாக்கி ஒளியைச் சிதறடிப்பதால் சுண்ணாம்பின் மங்கலும் ஓரளவு திரும்பும். அது நன்றாகக் காய்ந்தபின், உருகிய நீர் வழிந்த கோடுகளில் மட்டும் பளபளப்பு வார்னிஷை நூலிழையாகத் தொட்டு இழுக்கலாம். புகைக்குழாயைச் சுற்றிய கரும்பொடியை இதற்கெல்லாம் பிறகு, எந்த வார்னிஷும் இல்லாமல் வைப்பது நல்லது. வண்டியை எடுப்பவர் விரல் பின்தகட்டின் அந்த மூலைக்குப் போவதில்லை.